அலுமாரிக்குள் இருந்த மூன்று சாமான்

அம்மாவின் மூன்றாவது கீமோவுக்கு இரண்டு நாள் இருக்க எடுத்த இரத்தப் பரிசோதனையில், ஈரலுக்கான எஸ்ஜிபிடி 212 என்று வந்தது. நாற்பதுக்குக் கீழே நிற்கவேண்டிய எண் அது. முதல் இரண்டு தடவையும் 28, 31 என்று நல்ல பிள்ளையாக இருந்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டொக்டர் துண்டைப் பார்த்தார், கிளினிக் கொப்பியைப் புரட்டினார், பிறகு அம்மாவைக் கேட்டார், "வேற ஏதும் மருந்து பாவிக்கிறீங்களோ அம்மா?"

"இல்லை டொக்டர், ஒண்டுமில்லை."

நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எனக்கு அப்போது உண்மையாகவே தெரியாது.

அன்று இரவு தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். அலுமாரியில் கூறைச்சேலை மடித்து வைத்திருக்கும் தட்டில், சேலைக்குப் பின்னால் மூன்று சாமான். ஒன்று, கனடாவில் இருந்து சின்னம்மாவின் மகள் பார்சலில் போட்டுவிட்ட மஞ்சள் கப்சூல் போத்தல், பெரிய எழுத்தில் 'இம்யூன்' என்று அடித்து பக்கத்தில் ஒரு பச்சை இலை கீறியிருந்தது. அடுத்தது பழைய ஜாம் போத்தலில் சீந்தில் தூள், பக்கத்து வீட்டு உபயம். மூன்றாவது பேப்பரில் சுற்றிய காய்ந்த இலை, முள்ளன்னமுன்னா இலை, சிங்களத்தில் கட்டு அனோதா என்பார்களே அதுதான். கப்சூலை நிலத்தில் கொட்டி எண்ணிப் பார்த்தேன். 120 இல் 46 மிச்சம். நாளுக்கு இரண்டு என்றால் 37 நாள். அதாவது முதலாவது கீமோ முடிந்து ஐந்தாம் நாளே தொடங்கியிருக்கிறார், ஒரே வீட்டில், எனக்குப் பக்கத்து அறையில், 37 நாளாக.

"ஏனம்மா டொக்டரிட்டச் சொல்லேல்லை?"

"சொன்னா ஏசுவார் எண்டுதான். அதோட உது மருந்தில்லைத் தானே தம்பி, மஞ்சள். மஞ்சள் சாப்பிடாத தமிழர் ஆர்?"

அடுத்த நாள் மூன்றையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு டொக்டரிடம் போனோம். அவர் ஏசவில்லை. ஈரல் கணக்கு ஏறியது இவற்றில் ஒன்றாலா, மூன்றும் சேர்ந்தா, அல்லது கீமோவே செய்த வேலையா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். "எல்லாத்தையும் நிப்பாட்டிப் பாப்பம்." பன்னிரண்டு நாள் கழித்து 58 க்கு இறங்கிய பிறகுதான் மூன்றாவது கீமோ ஏறியது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை, இரவில் போனை வைத்துக்கொண்டு மஞ்சளைப் பற்றியும் சீந்திலைப் பற்றியும் தேடித் தேடி வாசித்ததுதான் மிச்சம். நான் டொக்டர் இல்லை, வங்கியில் வேலை செய்கிறவன். ஆனால் வாசித்ததில் உறுதியாக விளங்கிய கொஞ்சத்தை எழுதி வைத்தால், அலுமாரியில் போத்தல் ஒளித்து வைத்திருக்கும் வேறு ஒரு வீட்டுக்காவது உதவும்.

முதலில் மஞ்சள். கறிக்குப் போடும் மஞ்சள் தூளில் குர்க்குமின் என்கிற சரக்கு நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது, அதையும் உடம்பு அவ்வளவாக உள்ளே எடுப்பதில்லை, ஈரலும் குடலும் சேர்ந்து கெதியாக வெளியே தள்ளிவிடுகின்றன. ஆயிரம் வருசமாக மஞ்சள் சாப்பிட்டு ஒருவருக்கும் ஒன்றும் ஆகாததற்கு இதுவும் காரணம். அம்மாவின் போத்தல் வேறு கதை. ஒரு கப்சூலில் 500 மில்லிகிராம், அதில் நூற்றுக்கு 95 பங்கு குர்க்குமின் வகை, கூடவே மிளகில் இருந்து எடுத்த பைப்பரின். அந்த மிளகுச் சத்து எதற்கு என்றால், குர்க்குமினை ஈரல் வெளியே தள்ளுவதைத் தடுப்பதற்கு. 1998 இல் வந்த ஓர் ஆய்வில் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் குர்க்குமின் இருபது மடங்கு வரை கூடியது, விளம்பரக்காரர் இதைப் பெருமையாகப் போடுகிறார்கள். ஆனால் ஈரலின் வாசலை மஞ்சளுக்காக மறித்தால், அதே வாசலால் வெளியேற வேண்டிய மற்ற மருந்துகளுக்கு என்ன நடக்கும்? கீமோ மருந்துகள் பலவற்றையும் மாற்றிக் கழிப்பது அதே ஈரல்தான். இப்படிச் செறிவான மஞ்சள் கப்சூலால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள், மிளகுச் சத்து சேர்ந்த வகைகளும் அதில் உண்டு.

இன்னொன்றும் வாசித்தேன். 2002 இல் அமெரிக்காவில் மார்புப் புற்றுள்ள எலிகளுக்கு குர்க்குமின் கலந்த சாப்பாடு கொடுத்து, சைக்ளோபொஸ்பமைட் என்கிற கீமோ மருந்தை ஏற்றிப் பார்த்தார்கள். கட்டி சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கவில்லை. எலிக்கு நடந்தது மனிசருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது, சரி. ஆனால் அம்மாவின் கையில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு மருந்தில் ஒன்று அதே சைக்ளோபொஸ்பமைட். அதை வாசித்த இரவு எலி என்றும் பாராமல் பயந்தேன்.

சீந்தில் கதை இன்னும் விசித்திரம். கொரோனா நேரத்தில் இந்தியாவில் வீட்டுக்கு வீடு சீந்தில் கசாயம் குடித்தார்கள், எதிர்ப்புச் சக்திக்கு என்று. 2021 இல் மும்பை டொக்டர்கள் ஈரல் பாதிப்போடு வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள், எல்லாரும் சீந்தில் எடுத்தவர்கள். அங்கே சீந்தில் நஞ்சாக வேலை செய்ததை விட, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உசுப்பேறித் தன் ஈரலைத் தானே கடித்த மாதிரித்தான் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது' என்கிற கதையே ஆட்டம் கண்டது. பள்ளிக்கூடத்தில் நிர்ப்பீடனம் என்று பாடமாக்கியதோடு சரி, அதைப் பற்றி யோசித்ததில்லை. வளவுக்குள் நிற்கும் நாய் மாதிரி அது. புற்றுக்கலம் வெளியில் இருந்து வேலி பாய்ந்து வந்த கள்ளன் இல்லை, இந்த வீட்டுப் பிள்ளை, வீட்டுக்காரனின் சட்டையையே போட்டுக்கொண்டு திரிகிறது, நாய் அதைப் பார்த்து வாலாட்டுகிறது. நாய்க்கு இன்னும் நாலு எலும்பு போட்டால் அது கொழுக்கும், கள்ளனை அடையாளம் காணாது. உசுப்பேற்றி விட்டால் வீட்டுக்காரனையே கடிக்கும். சில புற்றுக்கலங்கள் நாயின் கழுத்துச் சங்கிலியையே பிடித்து வைத்திருக்கின்றன என்று கண்டுபிடித்து, அதைக் கழற்ற வழிகாட்டியதற்காகத்தான் 2018 இல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொன்ஜோவுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மருந்துகளிலும் சங்கிலி கழன்ற நாய் குடலை, தைரொயிட்டை, ஈரலைக் கடிப்பது உண்டு, அதனால்தான் அவற்றை டொக்டர்மார் கவனித்துக் கவனித்துக் கொடுக்கிறார்கள். போத்தலில் இலைப் படம் போட்டு விற்கிற ஆட்கள் இதைச் சொல்வதில்லை.

முள்ளன்னமுன்னாவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுக்கலத்தை அதன் சாறு கொல்கிறது என்பது உண்மை. கண்ணாடித் தட்டில் உப்புத் தண்ணியும் கொல்லும். கரீபியன் பக்கம் குவாதலூப் தீவில் இதன் பழத்தையும் இலைத் தேத்தண்ணியையும் நிறையப் பாவித்தவர்களிடம் நடுக்குவாதம் மாதிரியான நோய் கூடுதலாக இருந்ததை 1999 இல் எழுதினார்கள். எப்போதாவது பழம் சாப்பிடுவது வேறு, நாளுக்கு இரண்டு வேளை இலை அவித்துக் குடிப்பது வேறு.

அம்மாவின் வாதம் எப்போதும் ஒன்றுதான். "இங்கிலிஸ் மருந்து சூடு, இது இயற்கை." எங்கள் கிணற்றடியில் பட்டிப்பூ நிற்கிறது, நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள், வெள்ளையும் ஊதாவும். யாரும் நட்டதில்லை, பிடுங்கினாலும் வரும். அந்தச் செடியைக் காட்டித்தான் நான் அம்மாவோடு கதைத்தேன். 1952 இல் ஜமேக்காவில் இருந்து கனடாவுக்கு ஒரு கடித உறையில் இந்தச் செடியின் 25 இலை போனது. அங்கே சனம் நீரிழிவுக்கு இதை அவித்துக் குடிக்கிறது, என்னவென்று பாருங்கள் என்று. ரொபேர்ட் நோபிள் என்கிற டொக்டர் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார், சீனி இறங்கவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோது எலிகள் கிருமி தொற்றிச் செத்தன, ஏனென்றால் வெண்குருதிக் கலங்கள் விழுந்துபோயின. அட, வெண்குருதிக் கலத்தை விழுத்துகிற சரக்கு இரத்தப் புற்றுக்கு உதவுமே என்று பிடித்துக்கொண்டு, 1958 இல் சார்ள்ஸ் பீர் என்பவரோடு சேர்ந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். பிறகு அதே செடியில் இருந்து வின்கிரிஸ்டின் வந்தது, இன்றைக்கும் இரத்தப் புற்றுள்ள பிள்ளைகளுக்கு அதுதான் ஏறுகிறது, ஒரு தடவைக்கு இரண்டு மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அவ்வளவு கொஞ்சம் எடுக்கவே மலை மாதிரி இலை வேண்டும். கிணற்றடியில் நிற்கிற எங்கள் செடி எதிர்ப்புச் சக்தியைக் கூட்டவில்லை, விழுத்தியது. விழுத்தியதால்தான் மருந்தானது.

அதோடு விட்டேனா, இல்லை. அம்மாவுக்கு ஏறிய சிவப்பு மருந்து, டொக்சோரூபிசின், இத்தாலியில் ஒரு பழைய கோட்டையடி மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரின் வழிவந்தது. பிறகு ஏறிய பக்லிடக்சல் அமெரிக்காவில் யூ என்கிற மரத்தின் பட்டையில் முதலில் கண்டது. "உங்களுக்கு ஏறுற முக்கால்வாசியும் இயற்கைதான் அம்மா, அளந்து குடுக்கினம், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த மரத்தின்ர பட்டையை எங்க வாங்கலாம்?" என்றார். என்ன செய்வது.

வருத்தம் பார்க்க வருகிற ஆட்களைப் பற்றி எழுதினால் தனிப் பதிவாகிவிடும். மூன்று ஹோர்லிக்ஸ், இரண்டு சீப்பு கப்பல் வாழைப்பழம், பத்து அறிவுரை. கோதுமைப்புல் சாறு, ஆட்டுப்பால், அப்ரிகொட் விதை. இந்த அப்ரிகொட் விதையை 'பி17 விற்றமின்' என்று சொல்லி விற்கிறார்கள், அது விற்றமினே இல்லை, உடம்புக்குள் சயனைட்டாக மாறுவது, 1982 இலேயே 178 நோயாளிகளுக்கு அதன் சாரத்தைக் கொடுத்துப் பார்த்துப் பலனில்லை என்று எழுதிவிட்டார்கள். சீனியை நிப்பாட்டினால் புற்று பட்டினி கிடந்து சாகும் என்று ஒரு மாமா சொல்லிவிட்டுப் போனார், அம்மா அடுத்த கிழமை முழுக்க வெறும் தேத்தண்ணியும் அவித்த கரட்டும்தான், ஒன்றரைக் கிலோ இறங்கினார். புற்றோ அம்மாவின் தசையில் இருந்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

எல்லாரும் அன்பில் சொன்னவர்கள், ஒருவரைத் தவிர. அவர் சங்கிலி வியாபாரத்தில் பவுடர் பைக்கற் விற்கிறவர், ஒரு மாதக் கணக்கு 38,000 ரூபாய், வீட்டு விறாந்தையில் இருந்து அம்மாவிடம் சொன்னார், "கீமோ சக்தியைக் கொல்லும், இது வளர்க்கும், ரெண்டையும் சேத்து எடுத்தா இதின்ர பலன் தெரியாது, அதை நிப்பாட்டிப் போட்டு எடுங்கோ." நான் அப்போதுதான் வேலையால் வந்தேன். நல்ல வார்த்தையில்தான் அனுப்பினேன் என்று தங்கச்சி சொல்ல மாட்டாள்.

ஏனென்றால் அந்த ஒரு வசனம்தான் ஆளைக் கொல்வது. யேல் பல்கலைக்கழகத்து ஆட்கள் 2018 இல், புற்று வேறு இடங்களுக்குப் பரவாத நிலையில் இருந்தும் வழமையான சிகிச்சை வேண்டாம் என்று மாற்று வைத்தியத்தை மட்டும் எடுத்த 281 பேரை, சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இறப்பு இரண்டரை மடங்கு. மார்புப் புற்றில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கு மேல். அதே வருசம் அவர்களே இன்னொன்றும் பார்த்தார்கள், இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களை. அவர்களுக்கும் இறப்பு இரண்டு மடங்கு, காரணம் அந்தப் பவுடரோ வேரோ இல்லை, அவர்களில் கூடுதலானோர் சத்திரசிகிச்சையையோ கீமோவையோ கதிர்ச் சிகிச்சையையோ ஏதோ ஒன்றை வேண்டாம் என்று விட்டவர்கள். போத்தலுக்குள் இருப்பதை விட, போத்தல் கொடுக்கிற துணிச்சல் பொல்லாதது.

இதை வைத்து நாட்டு மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. கைதடியில் படித்து வெளிவந்த ஒரு சித்த வைத்தியரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன், அம்மாவின் திருப்திக்காக. அவர் கிளினிக் கொப்பியை முழுக்க வாசித்துவிட்டு, "கீமோ முடியும் மட்டும் என்னிட்ட ஒண்டும் வேண்டாம், முடிய வாங்கோ, பத்தியம் மட்டும் சொல்லித் தாறன்" என்றார். அதுதான் வைத்தியம். ஜப்பானில் ஒரு வகை மரக்காளானில் இருந்து எடுத்த பிஎஸ்கே என்கிற மருந்தை 1970களில் இருந்து கீமோவோடு சேர்த்துப் பாவித்திருக்கிறார்கள், ஆனால் அது டொக்டர் அளவு எழுதிக் கொடுத்தது, பார்சலில் வந்த காளான் தூள் இல்லை. இஞ்சிக்குச் சாட்சி இருக்கிறது. 2012 இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், வழமையான வாந்தி மருந்தோடு நாளுக்கு அரை முதல் ஒரு கிராம் இஞ்சி எடுத்தவர்களுக்கு கீமோ நாளின் பிரட்டல் குறைந்தது. ஒரு கிராம் என்றால் எவ்வளவு என்று நகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன், காய்ந்த வேர்க்கொம்பில் பெருவிரல் நகம் அளவு துண்டு. டொக்டரிடம் கேட்டோம், சரி என்றார், தேத்தண்ணியில் தட்டிப் போட்டோம்.

மற்றபடி எதிர்ப்புச் சக்திக்கு நாங்கள் செய்தது எல்லாம் அடுப்படியில்தான். புற்றுநோயாளிக்கு நாளுக்கு, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பது கணக்கு. அம்மா 48 கிலோ, ஆகவே 58 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் ஆறுதான். சைவம் பிடிக்கிற வெள்ளிக்கிழமை கணக்கு உதைத்தது, பயறும் பாலும் உழுந்தங்களியுமாகச் சமாளித்தோம். வாயெல்லாம் அவிந்து புண்ணாகின நாட்களில் மாமி ஆசையாகக் காய்ச்சிக் கொண்டுவந்த நண்டுக் கூழை அம்மாவால் ஒரு வாய் கூடக் குடிக்க ஏலவில்லை, அழுதார். பிறகு திரளிச் சொதியைத் தூள் இல்லாமல், தேசிக்காயும் விடாமல், ஆறவைத்து, இடியப்பத்தைப் பிசைந்து குடுத்தோம், அது இறங்கியது. சில்வர் கரண்டியில் இரும்பு மணக்கிறது என்றார், சிரட்டை அகப்பை மாதிரி ஒரு சின்ன மரக்கரண்டி வாங்கினோம். பச்சையாக வல்லாரைச் சம்பல் வேண்டாம் என்று அதை வறையாக்கினோம். கிணற்றுத் தண்ணி கொதிக்கவைத்து ஆறியது மட்டும்.

ஆனால் இத்தனை மாதத்தில் உயிரைக் காப்பாற்றிய சாமான் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் தெர்மோமீற்றரைக் காட்டுவேன். கீமோ ஏறி ஏழாம் நாளில் இருந்து பதினாலாம் நாள் வரைக்கும்தான் வெண்குருதிக் கலம் ஆக அடியில் கிடக்கும். அந்த நேரம் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் விடியட்டும் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. பனடோல் போட்டு அடக்கிவிட்டும் போகக் கூடாது, சூடு மறைந்துவிடும், உள்ளே கிருமி மறையாது. நாலாவது கீமோ முடிந்து பத்தாம் நாள் இரவு பதினொன்றரைக்கு 38.4. அம்மா, "ஒரு பனடோலைப் போட்டிட்டுப் படுக்கிறன், காலமை பாப்பம்" என்றார். ஓட்டோவுக்குப் போன் பண்ணினேன். இரத்தம் எடுத்தார்கள், நியூட்ரோபில் என்கிற வெண்குருதிக் கலம் 300. ஐந்நூறுக்குக் கீழே போனாலே ஆபத்து. நரம்பில் அன்ரிபயோட்டிக் ஏறியது, ஆறு நாள் வார்டு. அடுத்த கீமோவில் இருந்து வெண்குருதிக் கலத்தைக் கூட்டுகிற ஊசி எழுதினார்கள். பார்த்தீர்களா, கூட்டுவதற்கு உண்மையாகவே ஒரு மருந்து இருக்கிறது. அதன் பெட்டியில் பச்சை இலை இல்லை.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு, 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நீளத்துக்கு நடந்து காசு சேர்த்தார்கள். அதற்கு முதல் இங்கத்தைய ஆட்கள் பலர் இதே மருந்துக்குக் கொழும்புப் பக்கம் மகரகமவுக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. அந்த வார்டில் ஆறு நாள் கிடந்தபோதுதான் அம்மா தானாகக் கேட்டார், "அந்தக் கொப்பியைத் தா, நான் எழுதித் தாறன், நான் வாயில போடுற எல்லாத்தையும்."

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இப்போது அம்மாவின் சாய்ந்த எழுத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. பிரசர் குளிசை. வேர்க்கொம்பு, தேத்தண்ணியில. வெந்தயம், ஊறப்போட்டது, ஒரு கரண்டி. கனடா மஞ்சள், நிப்பாட்டினது. சீந்தில், நிப்பாட்டினது. இலை, எறிஞ்சது. ஏழாவதாக, திருநீறு, நல்லூர், காலமை ஒரு சிட்டிகை வாயில. டொக்டர் ஒவ்வொன்றாகப் பேனையால் சரி போட்டுக்கொண்டு வந்தவர் ஏழாவதில் நின்று சிரித்தார்.

"அதை மட்டும் நிப்பாட்டச் சொல்லாதேங்கோ டொக்டர்" என்றார் அம்மா.

அவர் அதற்கும் ஒரு சரி போட்டார்.